சிவப்பைக் கூட்டியது யார்

அந்த ஸ்டூடியோவில் அவருக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். தெருமுனையிலிருந்து திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். டீயில் சர்க்கரை போடவில்லை என்று மனைவி சத்தியமே செய்தாலும் முதல் வாயை நாக்கில் வைத்து யோசித்த பிறகுதான் விழுங்குவார். அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியில் கண் போயிருந்தது. அந்தப் பயம் இவருக்கு உண்டு, வெளியில் சொல்லமாட்டார்.

படங்களில் முகம் திருத்துவது அவர் வேலை. அந்த வட்டாரத்துப் பருக்களிலும் தழும்புகளிலும் பாதியை அழித்த கை அவருடையது.

முதலாளி ஒரு புது மானிட்டர் வாங்கி வந்தார். மற்ற திரைகள் காட்டாத நிறங்களைக்கூட இது காட்டும் என்று கடைக்காரன் சொன்னானாம். பழையது அச்சு அறைக்குப் போயிற்று. புதுத் திரையில் எல்லோரும் வெயிலில் ஓடிவந்தவர்கள் மாதிரி முகம் சிவந்து தெரிந்தார்கள். போட்டோ எடுக்கிறவன் விளக்கை மாற்றித் தொலைத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே, ஒவ்வொரு படத்திலும் நிறத்தைக் குறைத்து, முகத்தை முகமாக்கி அனுப்பினார்.

காகிதத்தில் எல்லாம் வெளிறி வந்தது. ஒரு அம்மாள் ஆல்பத்தை மேஜையில் வைத்து, "என் பொண்ணு உயிரோடதாங்க இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அச்சு மெஷினை ஓட்டுவது அவருடைய தங்கை புருஷன். வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். ஆனாலும் சந்தேகத்துக்கு உறவு ஏது? மாப்பிள்ளை மையை மிச்சம் பிடித்து வெளியே விற்கிறார் என்று மனதுக்குள் முடிவு கட்டினார். முதலாளி காதிலும் போட்டுவைத்தார்.

"கையும் களவுமா பிடிச்சுக் கொடுங்க, அன்னைக்கே அனுப்பிடுறேன்" என்றார் முதலாளி.

அடுத்த வாரத்திலிருந்து படங்கள் நன்றாக வரத் தொடங்கின. யாரும் குறை சொல்லவில்லை. இவருக்கோ சந்தேகம் உறுதியாயிற்று. நாம் கவனிக்கிறோம் என்று தெரிந்ததும் ஆள் அடங்கிவிட்டான் பார். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் அச்சு அறைக்குள் நுழைந்தார். மாப்பிள்ளை சட்டென்று திரையில் எதையோ மூடினார்.

"என்ன மாப்பிள்ளை அது?"

"ஒண்ணுமில்ல மச்சான். சாப்பிட்டீங்களா?"

சாப்பாட்டை விசாரித்துப் பேச்சை மாற்றுகிறவனை அவர் நம்பியதே இல்லை.

இதற்கிடையே தங்கை கேட்டிருந்த அவளுடைய படத்தைத் திருத்தி அவளுடைய போனுக்கு அனுப்பினார். "என்னண்ணே, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தவ மாதிரி இருக்கேன்?" என்று பதில் வந்தது. தன் போனில் பார்த்தார். உண்மைதான், வெளிறித்தான் இருந்தாள். போனில் ஏது மை?

முதன்முறையாகத் திரையின் மேல் சந்தேகம் திரும்பியது. அதன் அடியிலிருந்த பொத்தான்களை அழுத்தி அழுத்தி, நிறத்துக்கான இடத்தைக் கண்டுபிடித்தார். முழு நிறம் என்று இருந்ததை, மற்ற திரைகளும் போன்களும் பின்பற்றும் சாதாரண அளவுக்கு மாற்றினார். முகம் சிவந்தவர்கள் எல்லோரும் ஒரே நொடியில் அடங்கினார்கள். கூடவே, அவர் திருத்திய படங்கள் அத்தனையும் ரத்தம் வற்றி நின்றன. சோகை பிடிக்க வைத்தது அவருடைய கைதான்.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். இவர் யோசித்தார். நான் அனுப்பியது வெளிறிய படம் என்றால், இத்தனை நாள் அச்சில் நன்றாக வந்தது எப்படி?

மாற்றிய திரையில் புதிதாக ஒரு படத்தைச் சரியாகத் திருத்தி அனுப்பினார். காகிதத்தில் அது தக்காளிப் பழமாக வந்தது.

மாட்டினான் என்று முதலாளியையும் கூட்டிக்கொண்டு அச்சு அறைக்குப் போனார்.

"நான் அனுப்புற படத்துல யாரோ கை வைக்கிறாங்க. யாருன்னு கேளுங்க" என்றார்.

மாப்பிள்ளை இவரைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். "என் தப்புதாங்க. மெஷின்ல ஏதோ மாத்தி வச்சுட்டேன்."

"எதுக்கு மாத்தினே?"

மாப்பிள்ளை குனிந்து காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். "அப்ப கிளம்பு" என்றார் முதலாளி. மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவன் திருடனாக இருக்கமாட்டானே என்று இவருக்கு உறுத்தியது. படிக்கட்டில் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

"உண்மையைச் சொல்லுங்க மாப்பிள்ளை. எதுக்குச் சிவப்பை ஏத்துனீங்க?"

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "உங்க படம் எல்லாம் வெளிறி வந்துச்சு. உங்கப்பாவுக்கும் இப்படித்தான் நிறம் தெரியாமப் போச்சுன்னு உங்க தங்கச்சி அழுதா. முதலாளிக்குத் தெரிஞ்சா உங்களை வேலையில வச்சிருப்பாரா? அதான் நீங்க அனுப்புற எல்லாத்துக்கும் ஒரே அளவா நிறத்தைக் கூட்டி வச்சேன்."

இவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கண்ணு இல்ல மாப்பிள்ளை," என்றார் ஒருவழியாக. "புது மானிட்டர்தான். இப்ப சரி பண்ணிட்டேன்."

மாப்பிள்ளை நம்பவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் காட்டி, "அது என்ன நிறம், சொல்லுங்க" என்றார்.

"பச்சை."

"அதுக்குப் பக்கத்துல?"

"சிவப்பு. நல்ல சிவப்பு."

அப்போதுதான் மாப்பிள்ளை மூச்சு விட்டார். தன் வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவர் அவருடைய சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு, முதலாளியிடம் தன் தப்பைச் சொல்ல மேலே ஏறினார்.