தேள் வறுத்தவரின் படையல்

2003ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், பெய்ஜிங்கின் பலகாரத் தெருவில் குய்லான் ஆவிக்கொழுக்கட்டைக் கடை போட்டபோது, பக்கத்துக் கடையில் கெங் ஃபூஷான் உயிருள்ள தேள்களைக் குச்சியில் கோத்துக்கொண்டிருந்தார். தேள்கள் கால்களை ஆட்டின. சுற்றுலாப் பயணிகள் அலறினார்கள், படம் பிடித்தார்கள், பிறகு வாங்கியும் தின்றார்கள். உள்ளூர்க்காரர் ஒருவரும் அவற்றைத் தொட்டதில்லை.

"எங்க வீட்ல காலைப் பலகாரமே இதுதாங்க" என்று கெங் கூசாமல் சொல்வார். கூட்டம் கலைந்ததும் குய்லானிடம் முட்டைக்கோஸ் கொழுக்கட்டை இரண்டை வாங்கி, தேள்களுக்கு முதுகைக் காட்டியபடி உண்பார்.

"ஒண்ணாச்சும் கடிச்சுப் பாருங்களேன், அண்ணே."

"நான் என்ன வெளியூர்க்காரனா, தங்கச்சி?"

பின்னர் ஒரு செய்தித்தாள், தேள் தின்றே திடமாக இருப்பவர் என்று அவரைப் புகழ்ந்து எழுதியது. தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்த அவர் மகன் ஷௌவென், அதை நம்பிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தான்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் கெங் மருத்துவமனையில் படுத்தார். ஷௌவென் ஒரு டப்பா நிறைய வறுத்த தேள்களோடு வந்தான். "எண்ணெய் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்ப்பா" என்று தந்தை தப்பித்துக்கொண்டார்.

மகன் வெளியே போனதும், பார்க்க வந்திருந்த குய்லானின் கையைப் பிடித்தார். "என் கல்லறையிலயும் இவன் இதைத்தான் படைப்பான். வருஷா வருஷம்."

"உண்மையைச் சொல்லிடுங்களேன், அண்ணே."

"பெத்த பிள்ளைகிட்ட மானத்தை விடச் சொல்றியா?" தேள் டப்பாவை மூடித் தள்ளி வைத்தார். "அவன் கும்பிட்டுட்டுப் போனப்புறம் நீ வா, தங்கச்சி. ரெண்டு முட்டைக்கோஸ் கொழுக்கட்டை போதும். சூடா கொண்டா."