பந்தல்காரரின் இணையதளம்

ஜாவாவின் சோலோ நகரத்தில் பினாஸ்திக்குக் கடைகளுக்கு இணையதளம் கட்டித் தருகிற வேலை. எதையும் தோண்டித் துருவிப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்த பிறகு கிடைத்த முதல் வாடிக்கைக்காரர் பாக் தர்வோகோ, அதாவது தர்வோகோ ஐயா. கல்யாணப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். அவர் தளம் ஓடுகிறதா என்று தெருவிலுள்ள கடைக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது படுத்தால் அவள் பிழைப்பும் படுத்துவிடும்.

படுத்துத்தான் கிடந்தது. ஆட்கள் வருகிறார்கள், பந்தல் படங்களைப் பார்க்கிறார்கள், தேதி கேட்கும் பக்கம் வந்ததும் ஓடிவிடுகிறார்கள்.

"ஊரே வேடிக்கை பாத்துட்டுப் போகுது, ஒருத்தனும் புக் பண்ணல. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் மூட்டையக் கட்டிடும்மா," என்றார் தர்வோகோ.

தேதியில் அப்படி என்னதான் பயம்? மண்டை குடைந்தது. பினாஸ்தி அவர் கடையிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். பெண்ணைப் பெற்றவர் ஒருவர் வந்தார். தேதி கேட்டதும் நேரே சுவர் நாட்காட்டியிடம் போய் விரலை வைத்து, "போன்தானே? வாகே இல்லையே?" என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்ட பிறகே தேதியைச் சொன்னார்.

அட மக்குப் பெண்ணே! ஏழு நாள் வாரத்தோடு, போன், வாகே என்று ஐந்து நாளாகச் சுற்றிவரும் சந்தைக் கிழமையும் பொருந்தினால்தான் ஜாவாக்காரனுக்கு அது கல்யாண நாள். பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி. தளத்தில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய நாட்காட்டியில் அது இல்லை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. அன்றைக்கே ஒவ்வொரு தேதியின் கீழும் சந்தைக் கிழமையைச் சேர்த்தாள்.

"உங்ககிட்ட நாலு பந்தல். நாலும் போயிட்டா அந்த நாள் தானா மூடிக்கும், பாக்."

அடுத்த வாரமே நல்ல சனிக்கிழமை ஒன்று நிரம்பி மூடிக்கொண்டது. பினாஸ்தி துள்ளிக் குதித்துக் கடைக்கு ஓடினால், தர்வோகோ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்குத்தான் என் பொண்ணுக்கும் கல்யாணம்."

"சொல்லவே இல்லையே, பாக்!"

"எம்பொண்ணு கல்யாணத்துக்கு நானே என் கடையில புக் பண்ணணும்னு எனக்கென்ன தெரியும்?"

"யாருக்காவது இல்லன்னு சொல்லிடலாமா?"

"வாயக் கழுவு. அவங்களும் பொண்ணப் பெத்தவங்க. வாக்குக் குடுத்தாச்சு."

மற்ற பந்தல்காரர்களிடம் கேட்டுப் பார்த்தார். நல்ல நாள் எல்லோருக்கும் நல்ல நாள்தானே, எவரிடமும் ஒரு கம்புகூட மிச்சமில்லை. கடைசியில் கல்யாணம் அவர் பந்தல் சாமான்களை அடுக்கிவைக்கும் கிடங்கிலேயே நடந்தது. கூட்டிப் பெருக்கி, மல்லிகைச் சரம் கட்டி, பாய் விரித்திருந்தார்கள்.

"பந்தல்காரன் வீட்டுக் கல்யாணத்துல பந்தலக் காணோமே!" என்று பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். பினாஸ்திக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

தர்வோகோ அவளைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"சிரிங்கய்யா, நல்லா சிரிங்க. கடை வெச்ச நாள்லேருந்து இந்தக் கிடங்கு காலியாகி நான் பாத்ததில்ல. காலி பண்ணினவ இவதான்."