பொன்முடி போகும் வழியில் ஆடிய கதவும் விதுராவில் நான் கேட்ட கீலும்

கழக்கூட்டத்துக்குக் குடிவந்து இரண்டு வருஷமாகியும் பொன்முடி மலையைப் பார்க்காத ஒரே திருநெல்வேலிக்காரி நானாகத்தான் இருப்பேன். போன சனிக்கிழமை போயே விட்டேன். அதுவும் என் சொந்த ஜீப்பில்! பழசுதான், எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தீர்த்ததுதான். ஆனால் மண்பாதையில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், ஆஹா!

வீட்டுக்காரர் சங்கருக்கு அந்தச் சத்தம்தான் ஆகாது. வித்துவிட்டு ஒழுங்காக ஒரு கார் வாங்குவோம் என்று ஒரே நச்சரிப்பு. நாகர்கோவிலில் ஒருவரிடம் பேசியும் வைத்துவிட்டார். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். மக்கர் பண்ணாமல் பொன்முடி உச்சிக்கு ஏறிவிட்டால் ஜீப் எங்களோடு இருக்கும். வழியில் படுத்துவிட்டால் திங்கட்கிழமை நாகர்கோவில்காரருக்கு. நானும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். நெடுமங்காடு வழியாக விதுரா சுமார் நாற்பது கிலோமீட்டர். நெடுமங்காட்டில் புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டோம். அதைத் தாண்டியதும் ரப்பர் மரங்களுக்கு நடுவே குண்டும் குழியுமாக ஒரு மண்பாதை. நான் சும்மா இருப்பேனா? இறக்கிவிட்டேன். ஒரு சுற்று சுற்றி மறுபடி தார்ச்சாலைக்கு ஏறும்போது சங்கர் பக்கத்துக் கதவு கடகடவென்று ஆட ஆரம்பித்தது. கதவின் மேல் கீலை வண்டியோடு பிடித்திருக்கும் பிராக்கெட் லூஸாகிவிட்டது.

"சொன்னேன்லா?" என்றார் சங்கர். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வண்டி ஓடத்தானே செய்யுது? கதவுதான ஆடுது!"

"மேல இருபத்திரெண்டு கொண்டை ஊசி வளைவு இருக்கு. நான் வெளிய போய் விழுந்தா? விதுராவுல சரியாச்சுன்னா பாப்போம். இல்லன்னா அங்கேயே திரும்பிருவோம்."

விதுரா வரைக்கும் கதவைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். கடைவீதியில் ஒரு ஹார்டுவேர் கடை திறந்திருந்தது. மலையாளத்தில் நான் புலி என்று எனக்கொரு நினைப்பு. இறங்கிப் போய், "சேட்டா, கீல் லூஸ்" என்றேன்.

"லூஸாயிட்டு எத்ர வேணம்?" என்றார் கடைக்காரர்.

எவ்வளவு லூஸ் என்று கேட்கிறார் போல. "கொறச்சே உள்ளூ" என்றேன்.

"பாட்ட உண்டோ?"

ஆடும்போது சத்தம் வருகிறதா என்றுதானே அர்த்தம்? "உண்டு, நல்ல பாட்டு!" என்று சொல்லி, கடகடகட என்று பாடியே காட்டினேன். மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மூலையில் இருந்த கறுப்புப் பீப்பாயின் மூடியைத் திறந்தார். உள்ளே தார்!

மலையாளத்தில் கீல் என்றால் தாராம். லூஸ் என்றால் சில்லறையாக அளந்து வாங்குவது. பாட்ட என்றால் தகர டப்பா. கொஞ்சம் தார் வேண்டும், டப்பா கொண்டு வந்திருக்கிறேன் என்று நான் பாட்டோடு சொல்லியிருக்கிறேன்! கடைக்காரர் வெளியே வந்து கதவைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"அய்யோ சேச்சி, இது விஜாகிரி அல்லே!"

சங்கர் சிரித்த சிரிப்பில் கதவை விட்டுவிட்டார். அது தொங்கிய தொங்கலைப் பார்த்து ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன். போச்சு, ஜீப் போச்சு என்றே நினைத்தேன்.

நல்லவேளை, முறிவு எதுவும் இல்லை. ஆடி ஆடித் தகட்டில் போல்ட் ஓட்டை அகலமாகியிருந்தது. கொஞ்சம் நீளமான போல்ட், உள்பக்கத்துக்குப் பெரிய வாஷர், ஸ்பிரிங் வாஷர், இரண்டு நட்டு வாங்கினேன். ஜாக்கி மேல் சாக்கை மடித்துப் போட்டுக் கதவின் பாரத்தைத் தாங்க வைத்தேன். வெளியே நான் போல்ட்டைத் திருக, உள்ளே ஒருவர் நட்டைப் பிடிக்க வேண்டும். அந்த ஒருவர் யார்? வெள்ளைச் சட்டையோடு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தார் சங்கர்.

"இன்னும் ஒரு சுத்து சுத்து. பொறு, பொறு, ஸ்பானர் வழுக்குது. ஆங், இப்பச் சுத்து!"

அரை மணி நேரத்தில் முடிந்தது. கதவைச் சாத்தினேன். டக்! அவரும் எழுந்து வந்து சாத்திப் பார்த்தார். மறுபடி திறந்து சாத்தினார். சட்டையெல்லாம் கிரீஸ், ஒரு வார்த்தை திட்டவில்லை.

கல்லாறு செக்போஸ்ட்டைத் தாண்டி வளைவு வளைவாக ஏறினோம். மேலே ஏற ஏற மூடுபனி, தேயிலை, சில்லென்ற காற்று. கதவு கம்மென்று இருந்தது. உச்சியில் இறங்கி நின்று நான் கத்தின கத்தலுக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து நாகர்கோவில்காரர் போன் பண்ணினார். சங்கர் எடுத்தார். "அண்ணாச்சி, ஒளிக்காமச் சொல்லிருதேன். இன்னைக்கு வழியிலேயே கதவு கையோட வந்துட்டு. மழை பேஞ்சா உள்ள குடை பிடிக்கணும். டீசலக் குடிக்கத்தான் செய்யும், ஓடுமான்னு கேக்கப்பிடாது" என்று அடுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏறி வந்த பிறகும் இப்படிப் பேசுகிறாரே என்று ஆத்திரம்.

போனை வைத்துவிட்டு, "வேண்டாம்னுட்டாரு" என்றார். கிரீஸ் கையை என் முன்னால் நீட்டினார். "சாவியத் தா. இறக்கம் நான் ஓட்டுதேன்."

நீங்களும் போவதாக இருந்தால், மழைக்காலத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். மதியத்துக்கு முன்னால் செக்போஸ்ட்டைத் தாண்டிவிடுங்கள். ஸ்பானர் செட்டும் நாலு வாஷரும் வண்டியில் கிடக்கட்டும். கதவுக் கீல் வேண்டுமென்றால் கடையில் விஜாகிரி என்று கேளுங்கள். உச்சியில் நின்று யார் கேட்டாலும் சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை.