ஜன்னலோரத்துத் துண்டு

எழுபதுகளின் தொடக்கம். பினாங்கிலிருந்து கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்து இறங்கி, மொரப்பூருக்குத் தனியாக ரயிலேறினேன். ஜன்னலோரம் யாரோ துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்கள். கப்பலில் வந்தவன் என்ற திமிர் எனக்கு. துண்டைத் தரையில் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

சற்று நேரத்தில் ஒருவர் தன் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். "வயித்துல ஆபரேசனுங்க. இவளுக்குத்தான் எடம் போட்டு வச்சிருந்தனுங்க" என்றார்.

நான் வெளியே பார்த்தேன். அந்த அம்மா வழிநெடுகக் கதவோரம் தரையில் உட்கார்ந்து வந்தார்.

மொரப்பூரில் அவர்களும் இறங்க எழுந்தார்கள். என் தகரப் பெட்டியை என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை.

"தனியா வந்திருக்கீங்க. இருங்க, நான் எறக்கறனுங்க" என்றார் அவர். நான் தள்ளிவிட்ட அதே துண்டை உதறி, சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

அந்தத் துண்டைத் தள்ளிவிட்டதும் என் கைதான்; பெட்டியை ஒரு பக்கம் பிடித்து அதன் மேல் ஏற்றி வைத்ததும் என் கைதான்.