மகன் ஒரு தடவை சொன்ன படகு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, மருந்தடிக்கிற மெஷின் ஒழுகுகிறது என்றோ, மலைக்கு ஏறுகிற படி சரிந்துவிட்டது என்றோ சொல்ல வேண்டியிருந்தால், தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வந்து வரிசையில் நின்றுகொள்ள வேண்டும். தொரை காதில் விழுந்ததா இல்லையா என்பது நம்முடைய கவலை இல்லை. திருப்பிச் சொன்னால் தொரைக்குக் காது கேட்காது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு வேலை இல்லையென்று லயத்து வீட்டுக்கு விரட்டிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் இதில் கெட்டிக்காரர். அவர் பின்பக்கமாக நடந்தே தேய்ந்த மனிதர். நான் அப்படி இல்லை. தராசடியில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கொழுந்து ஈரமென்று கூடுதலாகக் கழித்தால், நின்ற இடத்தை விட்டு நகராமல் மூன்று தடவை சொல்வேன். நாலாவது தடவையும் சொல்வேன். வாய்க்காரி என்று பேர் வாங்கினேன். அந்தப் பேரில் எனக்கு வெட்கம் கிடையாது. எங்கள் நிரைப் பெண்களுக்குக் கொழுந்துக்குச் சரியான எடை கிடைத்தது அந்த வாயால்தான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் மகன் வேலை செய்த கப்பலைக் கடல் கொள்ளைக்காரர்கள் பிடித்ததற்கு அவன்தான் காரணம் என்று கொழும்பில் முடிவு கட்டிவிட்டார்கள். வருஷங்கள் போய்விட்டன. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவன் கப்பலுக்குப் போனபோது தோட்டத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. எங்கள் ஆட்கள் கொழும்புக்குக் கடையில் நிற்கப் போவார்கள், பெண்கள் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவார்கள். கடலைப் பார்த்தே இராத பையன் கப்பலில் என்ன செய்வான் என்று கேட்டார்கள். தளம் கழுவுவான், துரு சுரண்டுவான், பெயின்ட் அடிப்பான், முறை வரும்போது மேலே நின்று கடலைப் பார்த்துக் காவல் இருப்பான். தோட்டத்தில் கன்று வளர்க்கிற தவறணைக்குக் காவல் வைப்பதில்லையா, அது மாதிரிதான் என்று நான் பதில் சொன்னேன். ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் தலவாக்கலை டவுனில் நாங்கள் சாமான் வாங்குகிற கடைக்கு அவன் டெலிபோன் எடுப்பான். கடை முதலாளி நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை நான் டவுனுக்குப் போனால், மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்று எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த முதலாளி ஒரு நாள் ஆட்டோ பிடித்து மலைக்கே வந்துவிட்டார். நாங்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். வெள்ளை வேட்டியோடு செடிகளுக்கு நடுவில் தடுமாறி ஏறி வருகிறவரைப் பார்த்ததும் பெண்கள் எல்லோருடைய கையும் நின்றுவிட்டது.

"அக்கா, மொதல்ல கூடைய எறக்கி வைங்க" என்றார்.

"சொல்ல வந்தத சொல்லுங்க மொதலாளி. கூடை எனக்குப் பாரமில்ல."

கொழும்பு ஏஜென்சியிலிருந்து கடைக்குப் பேசியிருக்கிறார்கள். சோமாலியாப் பக்கத்துக் கடலில் கப்பலைக் கொள்ளைக்காரர்கள் பிடித்துவிட்டார்களாம். ஆட்களுக்கு ஆபத்தில்லையாம். நான் கூடையை இறக்கவில்லை. இறக்கினால் விழுந்துவிடுவேன் என்று தெரிந்தது.

மறுநாளே கொழும்புக்கு ரயில் ஏறினேன். யுத்தக் காலம். வழியில் இறக்கிச் சோதித்தவர்கள் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மகன் கப்பலில் என்றதும், என்ன கப்பல், யாருடைய கப்பல் என்று ஒரு கேள்வி. தமிழ்ப் பையன், கடல், ஆயுதக்காரர்கள், இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் யாருக்கு என்ன தோன்றும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோதுமை ஏற்றிப் போகிற கப்பல் ஐயா என்று தெரிந்த சிங்களத்தில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

ஏஜென்சி ஐயா சின்ன வயசுக்காரர், குளிர் அறையில் டை கட்டி உட்கார்ந்திருந்தார். "அம்மே, கலபல வெண்ட எபா" என்றார் சிங்களத்தில். பதற வேண்டாமாம். பேப்பர்காரர்களிடம் பேசக் கூடாதாம். வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டால் கொள்ளைக்காரன் விலையை ஏற்றிவிடுவானாம். கொழுந்துக்கு விலை ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறேன். என் பிள்ளைக்கும் அப்படித்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அதே பேச்சுதான். நான் கடையிலிருந்து டெலிபோன் எடுப்பேன். கம்பெனி பேசிக்கொண்டிருக்கிறது என்பார். யாரோடு பேசுகிறது, என்ன பேசுகிறது என்று கேட்டால், கலபல வெண்ட எபா. ஒரு தடவை மகனே கடைக்குப் பேசினான். நான் அங்கே இருந்தது கடவுள் செயல். பக்கத்தில் யாரோ கத்துகிற சத்தம் கேட்டது.

"ம்மா, கம்பெனிக்குச் சொல்லுங்க. தண்ணி முடிஞ்சிருச்சி. சொல்லச் சொல்றாங்க."

அவ்வளவுதான், வெட்டிவிட்டார்கள். உடனே கொழும்புக்கு எடுத்துச் சொன்னேன். அதெல்லாம் பயமுறுத்துவதற்காகப் பேச வைப்பது, கணக்கில் எடுக்க வேண்டாம் என்றார் அந்த டை கட்டியவர். என் பிள்ளைக்குத் தாகம் எடுத்ததைக் கணக்கில் எடுக்க வேண்டாமாம்.

லயத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். முனியாண்டிக்கு நேர்ந்துகொள் என்றார்கள், நேர்ந்தேன். வெளிநாட்டு ஆசைக்கு இதுதான் என்றும் பின்னால் பேசினார்கள். அவர்களை விட்டுவிட்டேன். பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லவும் தெம்பு வேண்டும்.

கடைசியில் விட்டார்கள். கம்பெனி என்ன கொடுத்தது, எப்படிக் கொடுத்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மகன் வந்து இறங்கியபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன, கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. வாசல் திண்ணை இஸ்தோப்பில் உட்கார்ந்து தேயிலை மலையையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் எதையும் கேட்கவில்லை. ஒரு பகலில் விறகு பிளக்கும்போது அவனாகவே சொன்னான்.

அந்தக் கடலுக்குள் நுழைந்தால் கப்பலின் இரண்டு பக்கமும், பின்னாலும், காவலுக்கு ஆள் நிற்க வேண்டும் என்பது முறை. பக்கவாட்டில் குழாய்களைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே போக வேண்டும், யாரும் ஏணி போட்டு ஏற முடியாதபடி. அடுத்த துறைமுகத்தில் கப்பலைப் பார்வையிட ஆள் வருகிறார்கள் என்று, காவலுக்கு நிற்க வேண்டியவர்களைப் பெயின்ட் அடிக்க அனுப்பிவிட்டார்கள். பம்பு பழுது, பிறகு பார்க்கலாம் என்று குழாயையும் விட்டுவிட்டார்கள். இவன் ஒருவன்தான் மேலே நின்றான். கப்பலோ நிறைய கோதுமை ஏற்றித் தண்ணீரில் தாழ்ந்து, மெதுவாகப் போயிருக்கிறது.

பின்பக்கத்தில் ஒரு சின்னப் படகு. வலையும் இல்லை, மீன் கூடையும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆட்கள். இவன் உள்ளே இருந்த ஆபீசரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், அது மீன்பிடிப் படகு, நீ முன்னால் பார் என்று விரட்டியிருக்கிறார்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்னாம்மா. வெளிய வந்து நின்னேன். படகு கிட்ட வந்துச்சி. கொக்கி வச்ச ஏணிய தூக்குனாங்க."

"கிட்ட வந்தப்ப நீ சொல்லலியா?"

கோடாரியைக் கட்டையில் குத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அதான் ஒரு தடவ சொன்னேன்ல."

அவன் கண்ணால் பார்த்திருக்கிறான், தப்பு என்று மனசில் பட்டிருக்கிறது, படகு நெருங்க நெருங்கப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். என் வீட்டுக்காரர் அந்தக் கப்பலில் நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்பார். சட்டை மாறி, நாடு மாறி, நடுக்கடலுக்குப் போயும் பெரட்டுக் களம் இவனை விடவில்லை. என் வயிற்றில் பிறந்தவன், என் வாயில் பாதி வந்திருக்கக் கூடாதா?

விசாரணைக்குக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்திருக்கிறாராம். நானும் வருகிறேன் என்றேன். மகன் வேண்டாம் என்றான். தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு அவனுக்கு முன்னாலேயே ஸ்டேஷனில் போய் நின்றேன். ரயிலில் வழி முழுக்க ஒன்றைத்தான் சொன்னேன்: ஆபீசரிடம் சொன்னதைச் சொல், அவர் விரட்டியதையும் சொல். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விசாரணை அறைக்குள் போனவன் சீக்கிரமே வெளியே வந்துவிட்டான்.

"சொன்னியா?"

"சொன்னேன். ஆபீசர் அப்படி ஒண்ணும் என்கிட்ட யாரும் சொல்லலன்னு எழுதிக் குடுத்திட்டாராம்."

"நீ என்னா சொன்ன?"

"சொன்னேன்னு சொன்னேன். அப்படின்னா ஏன் திருப்பிச் சொல்லலன்னு கேட்டாங்க."

"அதுக்கு?"

"ஒண்ணும் சொல்லல."

நான் எழுந்து கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். டை கட்டிய ஏஜென்சி ஐயா பதறி எழுந்தார். இன்றைக்குக் கலபலதான் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அந்த வெள்ளைக்காரரைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினேன். காவலுக்கு நிற்க வேண்டியவர்களைப் பெயின்ட் அடிக்க அனுப்பியது யார்? குழாயைத் திறக்காமல் விட்டது யார்? கீழே இருக்கிறவன் ஒரு தடவை சொன்னால் மேலே இருக்கிறவன் திரும்பிப் பார்க்க வேண்டாமா? திருப்பிச் சொன்னால் வேலை போகும் என்று பிறந்ததிலிருந்து பயந்து வளர்ந்த பிள்ளையிடம், ஏன் திருப்பிச் சொல்லவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? அந்தப் படகு மீன்பிடிப் படகு என்று சொன்ன வாய்க்கு ஒரு கேள்வியும் கிடையாதா? மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பேசினேன். பேசியதையே மறுபடியும் பேசினேன்.

நான் முடித்ததும் ஏஜென்சி ஐயா அந்த வெள்ளைக்காரரிடம் இங்கிலீஷில் எதையோ சொன்னார். நாலைந்து வார்த்தை இருக்கும். அவர் எழுந்து என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்து, சிரித்து, ஏதோ சொன்னார்.

"அம்மா வந்ததுக்கு நன்றியாம்" என்றார் ஏஜென்சி ஐயா.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழிலேயே பேப்பர் தலைப்பை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் அவ்வளவு நேரம் நான் பேசியது அந்த நாலைந்து வார்த்தைக்குள் அடங்காது என்பது எனக்குத் தெரியும்.

பிறகு சொல்லி அனுப்பினார்கள், காவலில் நின்றவரின் கவனக்குறைவாம். மனிதத் தவறு என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். கப்பலில் அத்தனை மனிதர்கள் இருந்தார்கள், தவறு மட்டும் என் மகனுடையது. அந்த ஆபீசர் அடுத்த மாதமே வேறு கப்பலில் ஏறிவிட்டார் என்று இவனோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள். இவனுக்கு அந்தக் கம்பெனியில் மறுபடி வேலை இல்லை, பெரிய ஏஜென்சி எதுவும் எடுக்கவுமில்லை.

கினிகத்தேனையில் ஒரு கடையில் கொஞ்ச நாள் நின்றான். மூட்டை தூக்கினான், முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு யாரோ ஒரு சின்ன ஏஜென்ட் மூலமாக, சீமெந்து ஏற்றுகிற ஒரு பழைய கப்பலில் ஏறிவிட்டான். போகாதே என்று எத்தனையோ தடவை சொன்னேன். எனக்குத்தான் திருப்பிச் சொல்லத் தெரியுமே. அவன் கேட்கவில்லை. தலை நிமிர்ந்து நிற்க அவனுக்குக் கப்பல்தான் வேண்டியிருக்கிறது, அதுவும் எனக்குப் புரிகிறது.

இப்போது என் கையிலேயே போன் இருக்கிறது. துறைமுகத்தில் நின்றால் பேசுவான். சாப்பாடு, மழை, தங்கச்சி பிள்ளைகள் எல்லாம் விசாரிப்பான். போன வாரம் பேசும்போது, கப்பலில் ஒரு சங்கிலி தேய்ந்து கிடக்கிறது, அறுந்தால் ஆளை அடித்துவிடும் என்றான்.

"ஆபீசர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேம்மா."

"என்னா சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு."

"திருப்பிச் சொன்னியா?"

காற்றுச் சத்தம்தான் வந்தது. லைன் போய்விட்டதோ என்று காதை விட்டு எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. மறுபடியும் காதில் வைத்துக்கொண்டு, அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டேன்.