லைசென்சுக்குப் போன தையல் மிஷின்

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். அறுபதுகளின் தொடக்கம். பேகம்பூரில் என் வீட்டுக்காரர், அவரைப் பெற்ற மாமி, நான் என்று மூன்றே பேர். அவர் ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்தார். ஊர் ஊராகப் போய் ஆட்டுத்தோலுக்கு விலை பேசிவிட்டு வர வேண்டும். அகரத்துக்குச் சைக்கிள், சேவுகம்பட்டிப் பக்கம் என்றால் பஸ்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"மொதலாளி பழைய மோட்டார் சைக்கிள் ஒண்ணு வாங்கிருக்காரு. லைசென்ஸ் எடுத்தா அத என்கிட்டயே விட்டுடுறாராம். ஆனா கத்துக்கிற செலவு பூராம் நம்மளுது."

"எம்புட்டு ஆகும் மச்சான்?"

"யாருக்குத் தெரியும்? பெட்ரோல் இருக்கு, கத்துக்குடுக்கிறவருக்கு இருக்கு, மதுரைக்குப் போகணும், போட்டோ எடுக்கணும்." சொல்லிவிட்டு வெறும் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.

பால்மாவு டப்பாவில் என்னிடம் பணம் இருந்தது. பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்குத் தொழுகைத் தொப்பி பின்னிக் கொடுத்துச் சேர்த்தது. தையல் மிஷினுக்கென்று வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் டப்பாவை அவர் மடியில் வைத்தேன். அவருக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்படியில்லை. அவர் வாயால் மட்டுமே கேட்டிருந்த ஊர்களை நானும் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

"மொத சவாரி எனக்குத்தான்" என்றேன்.

"ஒனக்கில்லாமயா?" என்றார்.

மிஷின் என்னவோ நாலு வருஷம் கழித்துத்தான் வந்தது, அதுவும் பழசு.

கற்றுக்கொடுக்க வந்தவர் ஒரு மெக்கானிக். குடும்பம் வெளியூரில் இருந்தது. "காசெல்லாம் வேணாம் தம்பி. ஓட்டல்ல தின்னு நாக்கு செத்துப்போச்சு. வீட்டுச் சாப்பாடு குடுங்க, போதும்" என்றாராம். மலிவாக முடிந்தது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவருக்குக் கறியும் பருப்பும் போட்டு வைக்கிற தால்ச்சா பிடித்துப்போனது. கறி இல்லாத நாளில் கியர் சொல்லித்தருவதில் கொஞ்சம் சுணக்கம் தெரிந்தது. மாமி கறியைக் கழுவிக்கொண்டே கேட்பார்: "ஏம்மா, ஒரு லைசென்சுக்கு எத்தன ஆடுதான் அறுக்கணும்?"

எங்கள் ஊர் மலைக்கோட்டைக்கு அந்தப் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு குளத்தில்தான் பழகினார்கள். விடியுமுன் பஜ்ர் தொழுகை முடிந்ததும் இவர் போய்விடுவார். காற்று எங்கள் பக்கம் அடிக்கும் நாளில் வண்டியின் சத்தம் முற்றத்துக்கு வரும். நான் வாசல் தெளிக்கிற வாளியை வைத்துவிட்டு நின்றுவிடுவேன். சத்தம் தணிந்து, ஒரு நொடி இல்லாமலே போய், திரும்ப அடர்த்தியாக எழும்பும். அது கியர் மாற்றுகிற இடம் என்று போகப்போகத் தெரிந்துகொண்டேன். மலைக்கோட்டைப் பாறை அப்போது சாம்பல் நிறத்தில் இருக்கும், பிறகு மெதுவாகச் சிவக்கும். அந்தக் குளத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் கனவில் அது நிறையத் தண்ணீரோடு வந்தது. தண்ணீருக்கடியில் வண்டி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். மேலே மீன்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு மூச்சு முட்டுவதில்லை.

கனவுக்கு வெளியே செலவு தன் பாட்டுக்கு நடந்தது. சைலன்சர் சுட்டுக் கெண்டைக்காலில் தோல் உரிந்தது. ஒரு தடவை சாய்ந்து விழுந்ததில் நல்ல கைலி ஒன்று கிழிந்தது, பிரேக் கம்பி வளைந்தது. கம்பிக்கும் டப்பாவில் இருந்துதான் எடுத்தோம்.

வைகாசியில் லைசென்ஸ் சோதனைக்கு மதுரைக்குப் போனார். மோட்டார் சைக்கிளை மெக்கானிக் ஓட்ட, இவர் பின்னால். அவர் பாஸாக வேண்டும் என்று நான் நோன்பு வைத்திருந்தேன். பொழுது சாயத் திரும்பி வந்தவர் முதலில் கால் கழுவினார்.

"பெயிலு" என்றார்.

ஓட்டிக் காட்டச் சொல்லிச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வலது பக்கம் திரும்பச் சொன்னாராம். அப்போதெல்லாம் வண்டியில் விளக்கு சிமிட்டாது. வலது கையை நீட்டித்தான் காட்ட வேண்டும். ஆனால் வேகம் கூட்டுகிற பிடியும் வலது கையில்தான். கையை எடுத்ததும் இஞ்சின் வேகம் இறங்கியது, வண்டி தள்ளாடியது, நடு ரோட்டில் நின்றே போனது. மறுபடி வரச் சொல்லிவிட்டார்.

டப்பாவில் இன்னொரு தடவை மதுரைக்குப் போய்வரத்தான் பணம் இருந்தது. குளத்துக்குப் போகப் பெட்ரோலுக்கு இல்லை.

"சைக்கிள் இருக்குல்ல மச்சான்?" என்றேன். "அதுல ஒத்தக் கையில பழகுங்க. கை வந்துட்டா எதுல ஏறுனா என்ன?"

அவர் சிரித்தார். ஆனால் மறுநாள் காலை தெருவில் இடது கையால் சைக்கிளைப் பிடித்து, வலது கையை நீட்டி, உயர்த்தி, சுழற்றிப் போய்க்கொண்டிருந்தார். நான் கதவிடுக்கில் நின்று, "வலது! நிறுத்து! இடது!" என்று மெல்லச் சொல்வேன். எதிர்வீட்டுக்காரர் யாரோ தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து இரண்டு முறை வெளியே வந்து பார்த்தார். மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இரண்டாம் தடவை பாஸ். சில நாள் கழித்துச் சின்னப் புத்தகம் போல லைசென்ஸ் வந்தது. உள்ளே அவர் படம், இரவல் கோட்டு தோளில் தொங்க. மாமி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியலில் என்னை ஏற்றிப் போனார். மாமி தடுப்பார் என்று பயந்திருந்தேன். அவரோ வாசலுக்கு வந்து, நான் மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தை இழுத்துப் பிடித்து, சக்கரத்தில் சிக்காதபடி இடுப்பில் முடிச்சுப் போட்டார். "இறுக்கிப் புடிச்சுக்க. கீழ பாக்காத" என்றார்.

தாடிக்கொம்பு ரோட்டில் போனோம். தென்னைகள் எங்களை நோக்கி வந்து, பக்கத்தில் நெருங்கியதும் சட்டென்று விலகின. எங்கோ பூத்திருந்த மல்லிகை வாசம் திடீரென்று மூக்கில் ஏறி, அடுத்த வயலில் காணாமல் போனது. நான் அசையாமல் இருந்தேன், ஊர்தான் ஓடியது. தோட்டத்தில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி கையை ஆட்டினாள். நான் ஆட்டுவதற்குள் அவள் தூரத்தில் இருந்தாள்.

அகரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் தலையைத் திருப்பி ஏதோ சொன்னார். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது.

"என்ன மச்சான்?" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை.

அகரத்தில் இறங்கியதும் கேட்டேன். யோசித்துப் பார்த்தார். "மறந்துபோச்சு புள்ள" என்றார். ஒரு கிணற்றடியில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று அவர் அவசரப்படுத்தினார். எனக்கு எழ மனமில்லை. செத்த நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்றேன்.