சர்க்கரையே இல்லாத மாவட்டம்

மலைக்கு அந்தப் பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றல் வந்தபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ரத்தப் பரிசோதகர். பத்தொன்பது வருடம் தலைநகரத்து மருத்துவமனையில் விரல் விரலாகக் குத்தியதில் ஊசியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாட்டிலேயே சர்க்கரை நோய் மிகக் குறைவான மாவட்டம் அது என்றது அரசு அறிக்கை. மலைக்காற்று, உடலுழைப்பு என்று காரணம்கூட அச்சிட்டிருந்தார்கள்.

போய்ப் பார்த்தால், மாவட்டத்துக்கே ஒரேயொரு சர்க்கரைக் கருவி. அதுவும் பிரிக்காத பெட்டியோடு, மேலதிகாரியின் தொலைபேசிக்கு மணையாக இருந்தது.

ஊசியக்கா பெட்டியைப் பிரித்தாள். கல்குவாரி, பேருந்து நிலையம் என்று அலைந்து ஒரே மாதத்தில் அறுநூறு பேரைக் குத்தினாள். நூற்றுப்பன்னிரண்டு பேருக்குச் சர்க்கரை. அவர்களில் ஒரு லாரி ஓட்டுநர், தன் கால்விரல் போனதற்கு அதுநாள்வரை செருப்பைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அறிக்கையைப் பார்த்ததும் மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி இங்க ஒருத்தருக்கும் சர்க்கரை கிடையாதும்மா."

"இருந்துச்சு சார். என்ன நோயின்னு தெரியாமலே செத்துட்டிருந்தாங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, மெல்ல ஒரு விரலை நீட்டினார். அவள் குத்திப் பார்த்தாள். சர்க்கரை முந்நூற்று நாற்பது. பதிவேட்டில் ஏற்ற வேண்டாம், தலைநகரில் வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்தும் கொண்டார். அவள் அறிக்கையைக் கருவிக் கோளாறு என்று தள்ளிவிட்டு, அவள் சேவையைப் பாராட்டித் தலைநகருக்கே திருப்பி அனுப்பினார்.

நோயாளியே இல்லாத மாவட்டத்துக்கு மாத்திரை எதற்கு? ஒன்றும் போகவில்லை. லாரி ஓட்டுநர் முப்பது பேரைத் திரட்டிக்கொண்டு, ஏழு மணி நேரம் பேருந்தில் வந்து, மாதாமாதம் தலைநகர் மருத்துவமனையில் அவள் ஜன்னலில் நின்றார். உள்ளூர் முகவரிக்குத்தான் மாத்திரை என்பது விதி. ஊசியக்கா எல்லோருக்கும் தன் வீட்டு முகவரியையே எழுதினாள்.

தணிக்கைக்காரர் வந்தார்.

"ஒரே வீட்ல முப்பத்தோரு பேரா?"

"கூட்டுக் குடும்பம் சார்."

"எல்லாருக்குமா சர்க்கரை?"

"பரம்பரை."

அவர் எழுதிக்கொண்டு போனார். அடுத்த அறிக்கையில், நாட்டிலேயே சர்க்கரை மிகுந்த தெரு ஊசியக்காவின் தெரு. ஏற்கெனவே ஆறு ஆய்வகங்கள் இருந்த அந்தத் தெருவுக்கு, சர்க்கரைக்கென்றே தனி மருத்துவமனை ஒன்றும் வந்தது. திறப்பு விழாவுக்கு லாரி ஓட்டுநர் ஏழு மணி நேரம் பயணம் செய்து வந்து, கடைசி வரிசையில் நின்று கைதட்டினார்.